உறைப்பு வேண்டாம் என்றவன்

எங்கட அறைப் பெடியன் ஒருத்தன் கொத்துக்கு உறைப்பு வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினபோது நாங்கள் சிரிச்சோம். யாழ்ப்பாணத்தானுக்கு உறைப்பு ஒத்துவராதாம் என்று ரெண்டு கிழமை பகிடி. பிறகு வெறும் பருப்புக்கறியும் எரியுது என்றான். வாய்ப்புண்ணாக்கும் என்று விற்றமின் குளிசை வாங்கிக் குடுத்ததும் நாங்கள்தான். கொஞ்ச மாதம் போக, றோல்ஸைக் கடிக்காமல் பிய்ச்சுப் பிய்ச்சுத் தின்றான். அதையும் ஸ்டைல் என்றுதான் நினைச்சோம்.

பல்லுவலிக்குப் போன இடத்தில்தான் விஷயம் வெளியில வந்தது. கண்ணாடியை உள்ளே விடுகிற அளவுக்குக்கூட அவனுக்கு வாய் திறக்கவில்லை. ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். பெயர்தான் நீளம், காரணம் சின்னது: பாக்கு.

பாக்கில இருக்கிற அரிக்கொலின் வாயின் உள்தோலுக்குக் கீழே நார்ப்பொருளை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கவைக்கிறது. அழற்சி மெல்ல மெல்லத் தழும்பாகிறது. முதலில் எரிவு, சிலருக்குச் சின்னக் கொப்புளங்கள், வாய் காய்வு. பிறகு கன்னத்தின் உள்பக்கம் சிவப்புப் போய் பளிங்கு மாதிரி வெளிறும். விரலால் தடவினால் கயிறு மாதிரித் தட்டுப்படும். நாக்கை நீட்டுவதும் குறையும். பெரும்பாலானவர்களுக்கு நடு மூன்று விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில விடலாம். எங்கட நண்பனுக்கு ஒன்றரை. (கடைவாய்ப்பல், தாடை மூட்டுப் பிரச்சினையாலும் வாய் திறக்காமல் போகும். விரலை விட்டுப் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்பு எழுதவேண்டாம்.)

எங்களுக்குக் கோபம் வருகிற இடம் வேற. வெத்திலை போடுறது அம்மம்மாமாரின், தோட்டத்துச் சனத்தின் பழக்கம் என்று படிச்ச நாங்கள் ஒதுக்கி வைச்சிருக்கிறோம். அதே பாக்கு மாவா, பாபுல் என்று பக்கெட்டில வந்தால் சோதனைக் காலத்து நித்திரை முறிக்க நல்ல சாமான். "புகையிலை இல்லைத்தானே மச்சான்" என்பது எங்கட பெரிய சாட்டு. அது பொய். 2004இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது. இந்த நோயே புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னுக்கு நிற்கிறது. 2016இல் புகைக்காத புகையிலைப் பொருட்களைத் தடை செய்தார்கள். பாக்கு அப்படியே கடையில கிடக்கு.

வெட்கம்தான் இதில பெரிய வில்லன். "நீ பாக்குப் போடுறனியா?" என்று கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அவன் எட்டு மாதம் ஒளிச்சான். அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவில காசில்லாமல் பார்க்கலாம். எரிவோடயே போயிருந்தால், பாக்கை விட்டு, இறுகுவதற்கு முதலே மறிச்சிருக்கலாம். இறுகின பிறகு பாக்கை விட்டாலும் தழும்பு தானாக இளகாது. ஊசி, பயிற்சி, சிலருக்குச் சத்திரசிகிச்சை.

இப்ப அவன் ஒவ்வொரு இரவும் ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில செருகிக்கொண்டு படிக்கிறான். போன மாதத்தைவிட ரெண்டு குச்சி கூட. எண்ணுவது நாங்கள்.