வெண்கலக் கடலில் கொள்ளாத லிட்டர்கள்

வேதாகமத் திருத்தப் பதிப்புக்கான நெறிமுறை ஒருவழியாக நம் மேசைக்கு வந்துவிட்டது. மண்ணைக் குறிக்கும் எபிரேயச் சொற்கள் எல்லாம் இனி 'களிமண்'; அளவைகள் எல்லாம் இனி மீட்டர், லிட்டர். முதல் விதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நாகூம் 3:14இல் இறங்குவது தீத் என்ற சேறு, மிதிப்பது ஹோமேர் என்ற குழைத்த மண், கையில் எடுப்பது மல்பேன் என்ற செங்கல் அச்சு. எரேமியா 18இல் குயவன் வனைகிற ஹோமேர்தான் ஆதியாகமம் 11:3இல் கட்டடச் சாந்து. எந்தச் சூளைக்காரரும் சேற்றையும் பதமாகக் குழைத்த மண்ணையும் ஒன்று என்று சொல்லமாட்டார். இது கவனக்குறைவு, திருத்திவிடலாம். இரண்டாவது விதி அப்படியல்ல.

நெறிமுறையின் அட்டவணைப்படி முழம் 45 செ.மீ., பாத் என்ற நீர்ம அளவை 22 லிட்டர். 1 இராஜாக்கள் 7இல் உள்ள வெண்கலக் கடல் என்ற பெரிய நீர்த்தொட்டியில் இதைப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 10 முழம், உயரம் 5 முழம். சுவர் நேராக எழும்பிய உருளை என்றே வைத்து, நான்கு விரற்கடைத் தடிப்பைக் கழிக்காமல் விட்டாலும், கொள்வது ஏறத்தாழ 35,800 லிட்டர். வசனம் சொல்லும் 2,000 பாத்தோ 44,000 லிட்டர். 2 நாளாகமம் 4:5இன் 3,000 பாத்தை நான் இழுக்கவேயில்லை. முழத்துக்காவது சீலோவாம் கல்வெட்டு துணை நிற்கிறது: அது 1,200 முழம் என்கிற சுரங்கம் சுமார் 533 மீட்டர். பாத்தின் 22 லிட்டர், லாகீஸிலும் தெல் பேத் மிர்சிமிலும் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளிலிருந்து தொல்லியலாளர் ஆல்பிரைட் ஊகித்த ஜாடியின் அளவு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் வழியே கணக்கிட்டால் 39 லிட்டர் வருகிறது. நீள முழத்தைக் கொண்டால் சிக்கல் தீருமே என்பார்கள். தீரும், எசேக்கியேல் 40:5 அப்படியொரு முழத்தைச் சொல்லவும் சொல்கிறது. ஆனால் எங்கும் ஒரே முழம் என்று விதித்தது அட்டவணைதானே?

வாசகருக்குப் புரிய வேண்டும் என்ற வாதத்தை மதிக்கிறேன். பூ வாங்குகிற தமிழ் வாசகருக்கு முழத்தை யாரும் விளக்க வேண்டாம். பாத் புரியாதுதான், அதற்கு அடிக்குறிப்பு இருக்கிறது. வசனத்துக்குள்ளேயே 44,000 என்று அச்சிட்டால், ஓட்டுத்துண்டுகளின்மேல் நிற்கும் ஊகம் வேதவாக்காகிவிடும். எழுத்துருவுக்குத் துணைக்குழு, பத்தித் தலைப்புக்குத் துணைக்குழு. அளவைக்கு மட்டும் ஓர் அட்டவணை போதுமாம். எபிரேயம் கற்பிப்பவர்களையோ மட்பாண்ட ஆய்வாளர்களையோ கேட்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியாயிற்று! 'பாத்: நீர்ம அளவை, 22 முதல் 39 லிட்டர் வரை கணிக்கப்படுகிறது' என்ற அடிக்குறிப்பு வரைவை மீண்டும் அனுப்புகிறோம். கிடைத்ததாக ஒரு கடிதம் வரும், வழக்கம்போல்.