இரவல் விதைநெல் எத்தனை போகத்துக்கு?

பிறர் களஞ்சியத்து நெல்லை இரவல் வாங்கி விதைப்பவன், கொடுத்தவன் காட்டும் நெல்லையே விதைக்கவேண்டும். கொடுத்தவன் கையை இழுத்துக்கொள்ளும் ஆண்டில் வயலைத் தரிசாக விடவேண்டும். இதனைக் கமக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயின், இந்நாட்டு இனங்களின் வரலாற்றை ஆராய்ந்து பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் பணியும் பெரும்பாலும் இந்த இரவல் நெல்லிலேயே நடந்துவருகின்றது. அதனைக் கமக்காரரும் கற்றோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

1982ஆம் ஆண்டில், கண்டியிலும் கொழும்பிலும் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் தோன்றியது. அதனை உருவாக்கிய பெருமக்களுள் பேராசிரியர் கே. எம். டி சில்வாவும் கலாநிதி நீலன் திருச்செல்வமும் முதன்மையானவர்கள். அமெரிக்காவின் ஃபோர்ட் நிதியம் தொடக்க காலத்திற் பொருளுதவி செய்தது. மறு ஆண்டு யூலையில் நாடு பற்றி எரிந்தது. 1999 யூலை 29ஆம் நாள் நீலன் கொழும்பிற் கொல்லப்பட்டார். இனங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்நிய உதவியை நாம் பழிக்கவில்லை. நம்மவர் கொடாத காலத்தில் அயலார் கொடுத்தனர், நன்றி கூறுகின்றோம். ஆனால், அந்த ஊற்று என்றும் வற்றாதது என்று நம்பியிருந்தது நமது பிழை. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டிற் சட்டத்தினால் அமைக்கப்பெற்ற தேசிய மானிடவியல் கலைகள் நிதியம், 2025 ஏப்ரலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மானியங்களை நடுவழியில் நிறுத்தியது. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சர்வகலாசாலைகளும் ஒரே கடிதத்தில் கையறு நிலையை அடைந்தன. அதே ஆண்டில் அந்நாட்டின் வெளிநாட்டு உதவியும் வெட்டுண்டது. இலங்கைச் சமூக நிறுவனங்களும் அந்த அடியை உணர்ந்தன. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் கண்டியில் ஒரு கிழவியின் வாய்மொழிக் கதை பதிவாகாமற் போகும் என்றால், அக்கதை யாருடைய சொத்து?

இயந்திரமும் கையும்

கண்டிக்கு மேலே ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 2001 முதல் தேயிலை நூதனசாலை இருக்கின்றது. அரைக்கும் இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் அங்கே பேணப்படுகின்றன. நன்று. ஆனால், கொழுந்து பறித்த கையின் கதை எங்கே?

அக்கதையைத் தேடுவோர் கம்பளைப் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குச் செல்லவேண்டும். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. தொழிலாளர் வாழ்ந்த லயன் காம்பராவும், அவர்கள் புழங்கிய பொருள்களும், பத்திரங்களும் அதன் உள்ளடக்கம். மன்னார் வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த ஒரு சமுதாயத்தின் நினைவைக் காக்கும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவகமே தாங்கவேண்டியிருந்தது. இது நமக்குப் பெருமையும் வெட்கமுமாகும்.

சோறா, சுவடியா?

"கூலி போதவில்லை, வீடில்லை, காணியில்லை. இந்நிலையில் அருங்காட்சியகத்துக்கும் கருத்தரங்குக்கும் பணமா?" என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. அதற்கு மலையகத்தின் வரலாறே விடை தருகின்றது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாத லயனிற் பிறந்தவன் எதைக் காட்டுவான்? 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவருக்கு ஏழாண்டும் மணமாகாதவருக்குப் பத்தாண்டும் இடைவிடாத வதிவுக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 134,000 பேருக்கே உரிமை கிடைத்தது. 1964இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. எஞ்சிய வழக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

அதிகாரிகளின் பகைமையும் அரசியற் சூழ்ச்சியும் இதற்குக் காரணம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், கையில் ஏடு இல்லாதவன் வாதாட முடியாமல் தோற்றான் என்பதும் உண்மை. ஏடு இல்லாமையால் உரிமை போயிற்று. உரிமை போனமையாற் சோறும் போயிற்று. ஆகவே சுவடியைக் காப்பது சோற்றைக் காப்பதன் ஒரு பகுதியேயாகும்.

அயலவன் கதையும் வேண்டும்

நமது கதையை நமக்குள்ளே சொல்லிக்கொண்டிருப்பதாற் பயன் சிறிது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தினாற் கண்டிச் சிங்களக் கிராமத்தவன் தன் காட்டையும் சேனையையும் இழந்தான். அந்த மண்ணில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவன் தமிழன். இருவரையும் நட்டப்படுத்திய கை ஒன்றே. ஆனால், கிராமத்தவன் லயனைப் பார்த்துப் பகைத்தான். லயனிலிருந்தவன் கிராமத்தைப் பார்த்து அஞ்சினான். இருவர் கதையையும் ஒரே மேடையிற் சொல்ல ஆளில்லாத வெற்றிடத்தில், வெறுப்பை விற்பவன் கடை விரித்தான். 1983இல் அதன் விலையை நாம் கொடுத்தோம். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்கள் கொடுத்தனர்.

சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதையை மீட்ட கண்டியரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன், தென்னாட்டு நாயக்கர் வழி வந்தவன். இந்த ஒரு செய்தியைக் கண்டி மாவட்டத்தின் பள்ளிகள்தோறும் மும்மொழி பேசும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி விளக்கினால், எத்தனை மேடைப் பேச்சுகளின் நஞ்சு முறியும்!

செய்யவேண்டியவை

நாம் மூன்றைக் கேட்கின்றோம். முதலாவதாக, அரசாங்கம் தனது வரவு செலவுத் திட்டத்தில் இப்பணிக்கென நிலையான நிதியை ஒதுக்கவேண்டும். அதன் பங்கீடு அமைச்சரின் விருப்பிலன்றிப் பேராதனைச் சர்வகலாசாலை அறிஞரும் மக்கள் பிரதிநிதிகளும் அடங்கிய சபையின் கையில் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, எவர் பணத்தில் ஆராய்ந்தாலும் அதன் முடிவு தமிழிலும் சிங்களத்திலும் வெளிவந்து, கதை கொடுத்த லயனுக்கும் கிராமத்துக்கும் திரும்பவேண்டும். ஆங்கிலத்தில் அச்சாகி அந்நிய அலுமாரியில் உறங்கும் நூலால் ஊருக்கென்ன பயன்?

மூன்றாவது கோரிக்கை நம்மை நோக்கியது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கிய சிறு நூலகம், மக்கள் கொடையால் யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1981இல் எரியூட்டப்பட்டபொழுது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. தோட்டத்துக் கோயிற் திருவிழாவுக்குக் கூலியிற் பிடித்துக் கொடுக்கும் ஏழைத் தொழிலாளி இன்றும் வழி காட்டுகின்றான். வைத்தியரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் வணிகரும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், மலையக வரலாற்றுக்கு ஒரு நிலைநிதி எழாதா?

அயலார் உதவி வந்தால் வரட்டும். நிமிர்ந்து நின்று பெறுவோம். ஆனால், அடுத்த போகத்துக்குரிய விதைநெல் நமது களஞ்சியத்திலேயே இருக்கட்டும்.