அடைப்பை அளப்பது யார்?

‘மூன்று குழாய்களில் அடைப்பு. அதில் ஒன்று எண்பது சதவீதம்.’ இந்த வாக்கியம் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அதன் பிறகு பேச்செல்லாம் பணத்தையும் மருத்துவமனையையும் பற்றியதாகிவிடுகிறது. எண்பது என்ற எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் அது கருவியால் அளந்து சொன்ன எண் அல்ல. திரையில் ஓடும் ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்த்து, மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு கண்திட்டமாகச் சொல்வது.

புதிய ஸ்டென்ட்களைச் சோதிக்கும் தரமான மருத்துவ ஆய்வுகளில் இந்தக் கண்திட்டம் போதாது. அங்கே படங்கள் சிகிச்சை நடந்த மருத்துவமனையிலிருந்து வேறோர் இடத்துக்கு அனுப்பப்படுகின்றன. ‘கோர் லேப்’ எனத் துறையினர் அழைக்கும் அந்தச் சுயேச்சையான ஆய்வகத்தில் படத்தை அளப்பவருக்கு நோயாளியின் பெயர் தெரியாது. எந்த நிறுவனத்தின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது என்பதும் இயன்றவரை மறைக்கப்படும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள கார்டியாலிசிஸ், நியூயார்க்கில் உள்ள கார்டியோவாஸ்குலர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் போன்றவை இத்துறையில் பெயர் பெற்றவை.

அளவிடும் முறை எளிமையானது. ஆனால் பொறுமை வேண்டும். ஆறு பிரெஞ்ச் அளவுள்ள கத்தீட்டரின் வெளி விட்டம் 2 மில்லிமீட்டர். படத்தில் தெரியும் அந்தக் குழலையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, ரத்தக்குழாயின் ஓரங்களைக் கணினி வரைகிறது. அடைப்பில்லாத பகுதியின் விட்டமும், மிகக் குறுகிய இடத்தின் விட்டமும் ஒப்பிடப்படுகின்றன. குழாய் 3 மில்லிமீட்டர், குறுகிய இடம் 0.9 மில்லிமீட்டர் என்றால் அடைப்பு 70 சதவீதம். அதே இடம் 1.2 மில்லிமீட்டர் என்றால் அடைப்பு 60 சதவீதம்தான். சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய இந்த வேறுபாட்டின் நீளம் 0.3 மில்லிமீட்டர். துடிக்கும் இதயத்தின் ஓடும் படத்தில் இதைக் கண்ணால் சொல்லிவிடலாம் என்று நம்புவதற்கு அபாரமான தன்னம்பிக்கை வேண்டும்.

அமெரிக்காவின் 7 மருத்துவமனைகளில் 175 நோயாளிகளின் படங்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்வொன்று, மருத்துவர்கள் சொன்ன அடைப்பு, கணினி அளவீட்டைவிடச் சராசரியாக 8 புள்ளிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சொல்லிச் சிகிச்சை செய்யப்பட்ட அடைப்புகளில் ஏறத்தாழ கால்வாசி, அளந்தபோது அந்த வரம்புக்குக் கீழே இருந்தன. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். நெஞ்சுவலியோடு ஒருவர் படுத்திருக்கையில், அடைப்பைக் குறைத்துச் சொல்லித் தவறு செய்வதைவிடக் கூட்டிச் சொல்லித் தவறு செய்வது மேல் என்றே எந்த மருத்துவர் மனமும் நினைக்கும். தவிர, படத்தில் தெரியும் விட்டம் மட்டுமே முழு உண்மையும் அல்ல. அடைப்பைத் தாண்டி ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதை அழுத்தக் கம்பி கொண்டு அளக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் சிகிச்சை செய்பவரே அதன் தேவையையும் வெற்றியையும் அளக்கும்போது, கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்கிறது.

அந்தச் சாய்வு இல்லாத அளவீடு என்ன செய்யும் என்பதற்கு ‘அப்சார்ப்’ ஒரு பாடம். சில ஆண்டுகளில் உடலிலேயே கரைந்து மறைந்துவிடும் ஸ்டென்ட் என்று அபாட் நிறுவனம் கொண்டுவந்த இது, 2012-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. உலோகம் நிரந்தரமாகத் தங்காது, குழாய் மீண்டும் இயல்பாகச் சுருங்கி விரியும் என்பது எதிர்பார்ப்பு. அபாட்டே பணம் கொடுத்து நடத்திய ‘அப்சார்ப் 2’ ஆய்வின் மூன்றாண்டு முடிவுகள் 2016 அக்டோபரில் வெளியாயின. குழாய் விரியும் தன்மையில் உலோக ஸ்டென்ட்டைவிட மேம்பாடு காணப்படவில்லை. பொருத்திய இடத்தில் குழாய் மீண்டும் குறுகிய அளவு, உலோக ஸ்டென்ட்டில் 0.25 மில்லிமீட்டர், அப்சார்ப்பில் 0.37 மில்லிமீட்டர். இடைவெளி ஏறத்தாழ ஒரு தாளின் கனம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அபாட் உலகெங்கும் அதன் விற்பனையை நிறுத்தியது.

இதே காலத்தில் இங்கே நாம் எதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்? விலையைப் பற்றி. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. கரையும் ஸ்டென்ட்டும் அதே வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஏப்ரலில், கட்டுப்படியாகவில்லை என்று அப்சார்ப் உள்ளிட்ட இரண்டு ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அபாட் அனுமதி கேட்டது. உயர்ந்த தொழில்நுட்பம் நம் நோயாளிகளுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலைக் குரல்கள் எழுந்தன. மூன்றாண்டு முடிவுகள் அதற்குச் சில மாதங்கள் முன்பே அச்சாகியிருந்தன. புதிய தலைமுறை ஸ்டென்ட்களுக்குத் தனி விலை வேண்டும் என்ற கோரிக்கையை ஆணையம் 2018-லும் ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ‘உயர்ந்தது’ என்று கோருபவரிடம், அளந்தது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இந்திய நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டியவையே. சூரத்தில் தயாராகும் சுப்ராஃப்ளெக்ஸ் ஸ்டென்ட், ஐரோப்பாவின் 7 நாடுகளில் 1,435 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, அபாட்டின் சையன்ஸ் ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததல்ல என்று 2019-ல் நிறுவப்பட்டது. குஜராத்தின் மெரில் நிறுவனம் உருவாக்கிய கரையும் ஸ்டென்ட் இந்திய மருத்துவமனைகளில் 108 பேருக்குப் பொருத்தப்பட்டது. அந்தப் படங்களை அளந்தது பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்து ஆய்வகம். வெளிநாட்டுக்கு அனுப்பியதில் பிழையில்லை, முடிவுகளுக்கு மதிப்பு கூடியது என்பதும் உண்மை. ஆனாலும் நம் நோயாளிகளின் படங்களை அளக்கும் நம்பகமான பொது அமைப்பு ஒன்று நமக்கு வேண்டாமா?

நான் குடியிருக்கும் அபிராமபுரத்திலிருந்து ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், கிரீம்ஸ் சாலை என்று எந்தத் திசையில் போனாலும் ஆஞ்சியோகிராம் செய்யும் இடம் இருக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டியைக் கண்டுபிடித்த குருன்ட்சிக்கிடம் பயின்று, அதை இந்தியாவில் வேரூன்றச் செய்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் பணியாற்றிய ஊர் இது. நாடு முழுவதும் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிகளைப் பதிவேட்டில் தொகுக்க வேண்டும் என்று முன்கை எடுத்தவரும் அவரே. 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் அவருடைய கைத்திறனைப் பேசிய அளவுக்கு அந்தப் பதிவேட்டைப் பேசவில்லை என்பது என் வருத்தம். கணினி வல்லுநர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லாத சென்னையில், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் துணையோடு இத்தகைய ஆய்வகத்தைத் தொடங்குவது எட்டாக் கனியல்ல.

சுயேச்சை என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆய்வகங்களுக்கும் கட்டணம் தருவது பெரும்பாலும் ஸ்டென்ட் நிறுவனமே. அளக்கும் விதிகளை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பது, மூலப் படங்களைப் பாதுகாப்பது, முடிவு பாதகமானாலும் வெளியிடும் உரிமையை ஒப்பந்தத்தில் உறுதிசெய்வது ஆகியவையே காப்பு. இந்தியாவில் 2009 முதல் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். படத்தை அளந்த ஆய்வகத்தின் பெயரையும் அதற்குப் பணம் தந்தவரின் பெயரையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஆய்வுகளுக்கு வெளியேயும் இந்த அளவீட்டுக்கு வேலை இருக்கிறது. 2024 நவம்பரில், குஜராத்தின் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்தின் கியாதி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ஏழு பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, இருவர் இறந்தனர். அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காக அடைப்பின் அளவு கூட்டிக் காட்டப்பட்டது என்பது விசாரணையில் எழுந்த குற்றச்சாட்டு. தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அரசு பணம் தருகிறது. பணம் தரப்பட்ட சிகிச்சைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, நோயாளி, மருத்துவர், மருத்துவமனை பெயர்களை நீக்கி, வேறோர் ஊரில் இருவர் தனித்தனியாக அளக்கட்டும். முதல் ஆண்டில் யார் மீதும் நடவடிக்கை வேண்டாம். கண்திட்டத்துக்கும் அளவீட்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் மாவட்டவாரியாக வெளியிட்டால் போதும். மருத்துவர் சங்கங்களிடமிருந்து மறுப்பு வரலாம். விதிகளை வகுக்கும் குழுவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு மக்கள் நல்வாழ்வுத் துறை இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.