இழுத்தால் போதுமா?

பிரிட்டனில் கோடை விடுமுறை வந்துவிட்டால் சாலையெங்கும் கேரவன்தான். சக்கரம் வைத்த சின்ன வீடு அது. கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. என்ஜின் மட்டும் கிடையாது! குடும்பத்தின் கார்தான் அதை இழுக்கவேண்டும்.

"நம் பழைய கார் இழுக்குமா?" என்று கேட்கிறார்கள். இழுக்கும். ஆனால், நிறுத்துமா? அதையல்லவா முதலில் கேட்கவேண்டும்!

காலியான கார் 1,000 கிலோ என்றால், சாமான் ஏற்றிய கேரவன் 850 கிலோவைத் தாண்டவேண்டாம். புதியவர்களுக்கு அங்கே சொல்லும் கணக்கு இது. கேரவனுக்குச் சொந்த பிரேக் இல்லையா? காரின் எடையில் பாதிக்கு மேல் கூடாது. இது சட்டம். காரின் பிரேக்கே தேய்ந்திருந்தால், பயணமே வேண்டாம் என்பேன்.

சாமானைப் பின்பக்கம் குவித்தால், வேகத்தில் கேரவன் பாம்புபோல் நெளியும். காரையும் சேர்த்து ஆட்டும். பயந்துபோய் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவேண்டும். பளுவான சாமான் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு இருக்கட்டும்.

1997 முதல் லைசென்ஸ் வாங்கியவர்கள், கனமான கேரவனை இழுக்கத் தனித் தேர்வு கொடுக்கவேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். தேர்வு இல்லாவிட்டால் என்ன? காலி மைதானத்தில் ஒரு நாள் பழகிக்கொண்டு கிளம்பினால் குறைந்தா போய்விடும்?

மோட்டார் சாலையில் கேரவன் இழுக்கும் காருக்கு மணிக்கு 60 மைல்தான் உச்ச வேகம். ஓடும் கேரவனுக்குள் ஆள் இருக்கக்கூடாது. குழந்தை தூங்குகிறதே என்று கட்டிலில் விட்டுவிடாதீர்கள். காரிலேயே தூங்கட்டும்!