ராத்திரி எழுந்திருப்பது யார்?



வீட்டுப் பெரியவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதச் சொல்லியிருந்தோம். கடிதங்களைப் பிரிக்கப் பிரிக்க, எத்தனை விதமான வீடுகள்! கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவும் தங்கையும் தொண்ணூறைத் தொடும் அப்பாவோடு இருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மகனும் மருமகளும் துபாயில். பிளஸ் டூ படிக்கும் பேரனுக்குத் தாத்தா சமைத்துப் போடுகிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தாத்தாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிடுவது பேரன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சென்னை வீடு. மாமியார் சுத்த சைவம், மருமகளுக்கு ஊர் மணப்பாடு. மீன் குழம்புக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. அதில் இன்னமும் சின்னச் சின்ன உரசல் உண்டாம். ஆனால் மாமியாரின் மாத்திரை அட்டைகளில் மார்க்கர் பேனாவால் படம் போட்டு வைத்திருப்பது அந்த மருமகள்தான். சூரியன் இருந்தால் காலை, நிலா இருந்தால் ராத்திரி. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியதற்கு ஒரு காலித் தட்டு.

எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். இது நம் பத்திரிகையின் ராசி மட்டுமில்லை. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் குழந்தைகளையோ பெரியவர்களையோ கவனித்துக்கொள்வதாகச் சொன்னவர்கள், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4. அதற்கு அந்தப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 140 நிமிடம், ஆண்கள் 74.

நிமிடக் கணக்கில் ராத்திரியின் பாரம் தெரியாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு, நாலு மணிக்கு என்று எழுந்துவிட்டு, காலையில் அடுப்படிக்கும் போகிறவரிடம், வெளியூர் நாத்தனார் வீடியோ காலில், "அம்மா இளைச்ச மாதிரி இருக்காங்களே, நேரத்துக்குச் சாப்பாடு குடுக்குறீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படிக் கேட்கும் பிள்ளைகள் வருடத்தில் ஒரு வாரமாவது லீவு போட்டு வந்து, ராத்திரி முறையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வாரம் அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். பணம் அனுப்புகிறோமே என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

வெளியே கிடைக்கும் உதவியையும் விட வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

ஆண்கள் எழுதிய ஒன்றிரண்டு கடிதங்களில் ஒன்று கட்டட மேஸ்திரி ஒருவருடையது. அம்மா கழிவறையில் வழுக்கி விழுந்த பிறகு, சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்க நினைத்திருக்கிறார். அம்மாவை அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்து, "எந்திரிம்மா" என்று சொல்லி, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாராம். கம்பி பதிக்கும் முறையை அவரே படம் வரைந்து அனுப்பியிருக்கிறார், உள்ளே போட்டிருக்கிறோம். உங்கள் கொத்தனாரிடம் காட்டுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவரை ஒருமுறை உட்காரவைத்து எழுப்பிப் பார்த்துவிட்டுச் சுவரில் துளை போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்