அலைமேல் அம்மா, கரையில் யார்?

விளையாட்டில் பெயர் பெற்ற ஒரு தாயைச் செய்தியாளர்கள் பேட்டி காணும்போது, ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. “வீட்டையும் விளையாட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்பதே அது. பிள்ளை பெற்ற காற்பந்து வீரர் எவரிடமும் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவருக்கும் வீடு உண்டு. அவருடைய பிள்ளைக்கும் இரவில் காய்ச்சல் வருவதுண்டு. ஆனாலும் அவரிடம் அடுத்த ஆட்டத்தைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். தாய்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவரும் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, “எல்லாம் ஒரு சமநிலைதான்” என்று சொல்லி முடித்துவிடுவார்.

இந்தச் ‘சமநிலை’ என்னும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. இச்சொல்லைக் கேட்டவுடன் கழைக்கூத்தாடும் பெண்ணின் உருவம் மனத்தில் தோன்றுகிறது. கயிற்றின்மேல் அவள் தனியாக நடக்கிறாள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். விழாமல் நடந்தால் கைதட்டுகிறார்கள். கயிற்றின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டியவர்கள் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. தாய் விளையாடும் நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மற்ற விளையாட்டுகளைவிட அலைச்சறுக்கு இதனைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

ஹவாய் மொழியில் அலைச்சறுக்கை ‘ஹேஎ நாலு’ என்பார்கள். ‘நாலு’ என்றால் அலை. ‘ஹேஎ’ என்றால் சறுக்குதல். தமிழில் இதற்கு ‘அலைச்சறுக்கு’ எனப் பெயரிட்டவர் இதை அறிந்து வைத்தாரோ இல்லையோ, இரண்டு சொற்களும் அப்படியே பொருந்துகின்றன. பலகையின்மேல் எழுந்து நின்று, கரையை நோக்கி வரும் அலையின் சரிவில் வழுக்கிச் செல்வதே இவ்விளையாட்டு. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். உண்மையில் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போடுவதிலும், அலைக்காகக் காத்திருப்பதிலுமே பெரும்பகுதி நேரம் போய்விடும். எழுந்து நிற்பது சில விநாடிகள்தாம்.

குடும்பத்தின் கால அட்டவணைக்கு இதைப்போல் ஒத்துவராத விளையாட்டு வேறொன்று இருக்க முடியாது. எங்கோ நடுக்கடலில் வீசிய புயல்தான் அலையை அனுப்பி வைக்கிறது. கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் நாள்தோறும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். காற்றையும் பார்க்க வேண்டும். அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும்போது, அலை வழவழப்பாக நிமிர்ந்து நிற்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று வீசத் தொடங்கி அதைக் கலைத்துவிடும். ஆகவே, நல்ல அலை கிடைக்கும் நேரம் பல நாள்களில் விடியற்காலையாகவே அமைகிறது. வீட்டில் உணவுப் பெட்டி கட்ட வேண்டிய நேரமும் அதுதான். சீருடையைத் தேடுவதும், பள்ளிப் பேருந்து வருவதற்குள் தூக்கம் கலையாத பிள்ளையைக் குளியலறைக்கு அனுப்புவதும் அதே நேரத்தில்தான்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் நிலைமை இன்னும் கடினம். பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையில் சறுக்குவதற்கு ஏற்ற அலைகள், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தாம் வருகின்றன. மற்ற மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று அலை காத்திருக்காது.

நேரத்தைக்கூட எப்படியாவது ஒதுக்கிவிடலாம். குழந்தையை என்ன செய்வது? மெதுவோட்டம் ஓடும் தாய், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம். பூப்பந்து ஆடும் தாய், பிள்ளையை அரங்கின் ஓரத்தில் உட்கார வைக்கலாம். அலையை நோக்கித் துடுப்புப் போடுபவரோ கரைக்கு முதுகைக் காட்டித்தான் போக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையைத் தனியாக மணலில் விட்டுவிட்டு எந்தத் தாயும் அப்படிப் போக மாட்டார். கரையில் ஒருவர் இருந்தால் மட்டுமே அலைமேல் ஓர் அம்மா இருக்க முடியும்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பைரன் பே என்னும் ஊரில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர்த் தாய்மார் சிலர் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். குறித்த நாளில் குழந்தைகளோடு கடற்கரையில் கூடுவார்கள். ஒரு பாதியினர் பலகைகளோடு கடலுக்குள் போவார்கள். மறுபாதியினர் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு முறை மாறும். ‘சர்ஃபிங் மம்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாடு, அந்நாட்டின் மற்றக் கடலோர ஊர்களுக்கும் பரவி, இலாப நோக்கமில்லாத ஓர் அமைப்பாக வளர்ந்தது. இதில் கட்டணம் கொடுத்து ஆள் வைக்கும் வேலை இல்லை. இன்று பிறர் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர், நாளை தம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு நீருக்குள் இறங்கலாம்.

இதன் பயன் அலையோடு முடிந்துவிடுவதில்லை. முதல் குழந்தை பிறந்தபின் பல பெண்கள் வீட்டுக்குள்ளேயே தனித்துப் போகிறார்கள். பேசுவதற்குக்கூட ஆள் இல்லாத அந்த நாள்களில், தன்னைப் போன்ற பத்துத் தாய்மாரை வாரந்தோறும் சந்திக்க முடிவது சிறிய காரியம் அன்று. கடல் சரியில்லாத நாளில் பலகையை நனைக்காமலேயே வீடு திரும்பினாலும், அந்தக் காலைப் பொழுது வீணாகிப் போவதில்லை.

இந்த ஏற்பாட்டைப் புதுமை என்று சொல்ல முடியாது. மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தாய்மார் விடியும் முன்பே பால்மரம் வெட்டப் போனபோது, குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருந்தார்கள். ஆயா ஒருவர் பல வீட்டுப் பிள்ளைகளையும் தொட்டிலில் ஆட்டி, பசியமர்த்திப் பார்த்துக்கொண்டார். ஆனால், இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தாய் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் ஆயாக்கொட்டகை இருந்தது. தோட்டத்திற்கு அவருடைய உழைப்பு தேவைப்பட்டது. அதே தாய், ஒரு மாலைப் பொழுதில் விளையாடப் போகட்டும் என்று யாரும் எந்தக் கொட்டகையும் கட்டவில்லை. இன்றும் அப்படித்தான். அலுவலகம் செல்லும் தாய்க்காகக் குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. பாட்டியும் முகம் சுளிக்காமல் பேரனை வாங்கிக்கொள்கிறார். “கடலுக்குப் போய் விளையாடிவிட்டு வருகிறேன், ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு மருமகள் கேட்டால் அந்த முகம் அப்படியே இருக்குமா? தாயின் உழைப்புக்குத் தோள் கொடுக்கும் சமூகம், தாயின் மகிழ்ச்சி என்றவுடன் காரணம் கேட்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த மண்ணில் இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்காது. பழைய ஹவாயில் அரசரும் அரசியும், ஆணும் பெண்ணும், முதியவரும் சிறுவரும் அலைமேல் ஏறினார்கள். அந்த மரபின் வழிவந்தவர்தான் ரெல் சன். ஓவாஹு தீவின் மேற்குக் கரையிலுள்ள மாக்கஹாவில் 1950ஆம் ஆண்டு பிறந்தவர். இளம் வயதிலேயே தாயானவர். மகளை வளர்த்துக்கொண்டே அலைச்சறுக்கில் உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவராக விளங்கினார். பெண்களுக்கென்று தனிப் போட்டிகள் அரிதாக இருந்த காலத்தில், அவற்றை உருவாக்கப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். ஹவாய்க் கடற்கரைகளில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய முதல் பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

ரெல் சன் வென்ற பரிசுகளைவிட அவர் 1976இல் தொடங்கிய ஒரு சிறுவர் போட்டியே பெரிது எனத் தோன்றுகிறது. மாக்கஹா வசதி குறைந்த குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். அங்குள்ள 12 வயது வரையிலான பிள்ளைகளுக்காக அவர் அப்போட்டியை நடத்தினார். பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு அலையைப் படிக்கவும், நீரோட்டம் இழுக்கும் இடத்தை அறியவும், கடலை மதிக்கவும் கற்றுக்கொடுத்தார். 32 வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் கடலுக்குப் போவதை விட்டுவிடவில்லை. தம் வட்டாரத்துப் பெண்களிடம் சென்று, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டியதைப் பற்றியும் பேசினார். 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 47 வயதில் காலமானார். அலைமேல் இருந்தவரும் அவரே. ஊர்ப்பிள்ளைகளுக்காகக் கரையில் நின்றவரும் அவரே.

புகழ்பெற்ற மற்றத் தாய்மாரும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லிசா ஆண்டர்சன் 1993இல் ஒரு மகளைப் பெற்றார். 1994 முதல் 1997 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக வெற்றியாளரானார். 13 வயதில் சுறாவின் தாக்குதலில் இடக்கையை இழந்த பெத்தனி ஹேமில்டன், முதல் குழந்தை பிறந்த மறு ஆண்டில், 2016இல், ஃபிஜியில் நடந்த உலகச் சுற்றுப்போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார். வியக்கத்தக்க சாதனைகள்தாம். எனினும், இத்தகைய கதைகளைச் சொல்லும்போது சற்று எச்சரிக்கை தேவை. “அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?” என்று களைத்துப்போன ஒரு தாயிடம் கேட்பதற்கு இவற்றைப் பயன்படுத்திவிடக் கூடாது.

சாதாரணத் தாய்மாரின் கதைக்கு இலங்கையின் கிழக்குக் கரைக்குச் செல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலை அடுத்திருக்கும் அறுகம்குடா, அலைச்சறுக்குக்கு உலகப் புகழ் பெற்ற இடம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தாரும் வாழும் வட்டாரம் அது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. உள்ளூர் இளைஞர்கள் பல ஆண்டுகளாகவே பலகைகளோடு கடலுக்குள் போய் வந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார்கள். வீட்டுப் பெண்களோ கரையோடு நின்றார்கள். வெயிலில் கறுத்துவிடுவாய், பெண்ணுக்கு இது அழகா, அடுப்படி வேலை யார் செய்வது என்றெல்லாம் அவர்களுக்குத் தடைகள் இருந்தன. அத்தடைகளையும் மீறிப் பெண்கள் சிலர் கற்கத் தொடங்கினர். 2018இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தனர். பெண்களுக்காகவே இலங்கையில் அமைந்த முதல் அலைச்சறுக்குச் சங்கம் அது.

அந்தச் சங்கத்தில் குடும்பப் பெண்களும் தாய்மாரும் இருந்தார்கள் என்பதுதான் இங்கு முக்கியம். தனியாக ஒரு பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊர் பேசும். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் ஊர் பார்க்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒருவருக்கொருவர் துணை இருந்ததால்தான் அது நடந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. கடல் ஆபத்தானது, பிள்ளை பெற்ற பெண் தன் உயிரைப் பணயம் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி அது, ஒதுக்கிவிட முடியாது. முறையாகக் கற்றவர் தன் திறமைக்கு மீறிய அலையைத் தேடிப் போவதில்லை என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் இருக்கிறது. கடற்கரைக்குச் சுற்றுலா போகும் குடும்பங்களில் பிள்ளைகள் எப்படியும் நீரில் இறங்கத்தான் போகிறார்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், அதை எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். இதை அறிந்த தாய் கரையில் நிற்பதற்கும், அலறுவதைத் தவிர வேறு வழியறியாத தாய் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஆனால், இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் வேண்டாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான், ஊர் நன்மைக்காகத்தான் என்று ஒவ்வொரு முறையும் பயனை எடுத்துக்காட்டித் தாயின் விளையாட்டுக்கு அனுமதி வாங்கிக்கொடுக்க வேண்டியதில்லை. அலைமேல் நிற்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. அதுவே போதும்.

சறுக்குவதற்கு அலை இல்லாத ஊர்களிலும் கணக்கு இதுதான். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு தாய்க்கு அலைச்சறுக்குக்குப் பதிலாக நடன வகுப்பு இருக்கலாம், மலையேற்றம் இருக்கலாம், சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் தொண்டு இருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்திற்கு வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். 14 வயது மகன் தங்கைக்குச் சோறு ஊட்ட முடியும். கணவர் பாத்திரம் கழுவ முடியும். பல வீடுகளில் இது நடக்கவும் செய்கிறது, நடந்தால் “மனைவிக்கு எவ்வளவு உதவி செய்கிறார்!” என்று உறவினர் புகழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நண்பர்களோடு பூப்பந்து ஆடப் போகும்போது, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியை யாரும் அப்படிப் புகழ்வதில்லை.