வாசலில் நிற்பவர் பெய்லிப்தானா?

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டு வாசலில் பைலும் கையுமாக யாராவது வந்து நின்றால் போதும், "கோர்ட்டு ஆள் வந்திருக்கான்" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பிவிடுகிறது. வீட்டுக்காரர் வெட்கத்தில் குன்றிப் போகிறார். டிவியைத் தூக்கு என்றால் தூக்க விடுகிறார். ஐந்நூறு வெள்ளி கொடு, போய்விடுகிறேன் என்றால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கியாவது கொடுத்து அனுப்புகிறார். வந்தவர் யார், எந்த அதிகாரத்தில் வந்தார் என்று கேட்பவர் நம்மில் அபூர்வம்.

2025-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. இதுவரை சரியான கண்காணிப்பு இல்லாமல் நடந்து வந்த கடன் வசூல் கம்பெனிகளை ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல காரியம்தான், வரவேற்கிறோம். ஆனால் சட்டம் கோலாலம்பூரில் இருக்கிறது. வசூல்காரன் நம் வாசலில் நிற்கிறான். அவனுக்கும் பெய்லிப்புக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதவரை எத்தனை சட்டம் வந்தாலும் நம் வீட்டுச் சாமான் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பெய்லிப் என்பவர் கோர்ட்டின் ஊழியர். கடன் கொடுத்தவரின் ஆள் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன்மார் 'அமீனா' என்று சொன்னார்களே, அதே வேலைதான். கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற ஜப்தி உத்தரவும் போட்ட பிறகுதான் அவர் வருவார். அந்த உத்தரவில் கோர்ட்டின் முத்திரை, வழக்கு எண், கடனாளியின் பெயர், தொகை எல்லாம் இருக்கும். "ஐயா, உத்தரவைக் காட்டுங்கள், உங்கள் கார்டையும் காட்டுங்கள்" என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது. உண்மையான பெய்லிப் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டு சத்தம் போடுகிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெய்லிப் திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. முதலில் லாயர் கடிதம் வரும். பிறகு சம்மன் வரும். சம்மன் கைக்கு வந்தபின் பொதுவாக 14 நாளுக்குள் கோர்ட்டுக்குப் பதில் தர வேண்டும். தராவிட்டால் நம் பக்கத்துக் கதையைக் கேட்காமலே தீர்ப்பு ஆகிவிடும். அப்படி ஆன தீர்ப்பையும் நீக்கக் கேட்கலாம், ஆனால் தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? மலாய் மொழியில் நீளமாக ஏதோ எழுதியிருக்கிறது என்று சாமி மேடைக்குப் பின்னால் சொருகி வைத்துவிடுகிறார்கள். சாமி படிக்கட்டும் என்று நினைப்பு போலும்! பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், மலாய் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களிடம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கடன் விஷயம் தெரிந்துவிடுமே என்று மறைத்து வைத்து, பிறகு அந்தப் பிள்ளை பார்த்திருக்கவே சாமானைத் தூக்கக் கொடுப்பது இன்னும் கேவலம் இல்லையா?

தீர்ப்பு ஆன பிறகும் வழி அடைந்துவிடவில்லை. கடனாளிகள் சட்டம் 1957 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கோர்ட்டு நம்மைக் கூப்பிட்டு, சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், செலவு என்ன என்று விசாரித்து, மாதத் தவணையாகக் கட்ட உத்தரவிடலாம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு பிள்ளைகளை வளர்க்கிறவர், ஒரேயடியாக எட்டாயிரம் கட்ட முடியாது என்பதை மாஜிஸ்திரேட்டிடம் நேரில் சொல்லலாம். சம்பளச் சீட்டைக் காட்டலாம். அந்தச் சம்மனுக்கும் போகாமல் இருந்தால்தான் ஆபத்து. கட்டச் சொன்ன தவணையை வசதி இருந்தும் கட்டாதவரை சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

சரி, பெய்லிப் வந்தே விட்டார். என்ன நடக்க வேண்டும்? அவர் சாமான்களைப் பார்த்துப் பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் நம் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்தி செய்த சாமான் கடன்காரரின் சொத்தாகிவிடாது. அவர் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஏலம் போட வேண்டும். ஏலப் பணத்தில் செலவு போக, கடன் போக, மிச்சம் இருந்தால் அது நமக்குத் திரும்பி வர வேண்டும். பெய்லிப் கட்டணம் கோர்ட்டு விதியில் உள்ளபடிதான். வழக்குப் போட்டவர் அதை முன்பணமாகக் கோர்ட்டில் கட்டிவிட்டு, பிறகு நம் கணக்கில் ஏற்றி வசூலித்துக்கொள்கிறார். ஆகவே "வந்த கூலி", "லோரிக் காசு" என்று வாசலில் நின்று யாராவது கையில் கேட்டால், ரசீது இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். கடனையே அன்றைக்குக் கட்டுவதானாலும் வழக்கு எண் எழுதிய ரசீது வேண்டும்.

இதில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய குளிர்பெட்டி ஏலத்தில் இருநூறுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் செலவுதான் முதலில் கழியும். சாமானும் போயிற்று, கடனும் அநேகமாக அப்படியே நிற்கும். அதனால்தான் ஜப்திக்கு முன்பே தவணை பேசி முடிப்பது இரண்டு தரப்புக்கும் லாபம் என்கிறேன். வங்கிக் கடனாக இருந்தால் பேசித் தீர்க்க உதவ ஏகேபிகே இருக்கிறது. 2006-இல் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

வீட்டில் இருப்பதெல்லாம் கடனாளியின் சாமான் அல்ல. மகன் தன் சம்பளத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள், மருமகள் கொண்டுவந்த தையல் மெஷின், இவையெல்லாம் அப்பாவின் கடனுக்குப் போக வேண்டியதில்லை. பெய்லிப்பிடம் அப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, எழுத்திலும் கொடுக்க வேண்டும். கடை ரசீது, வண்டியின் கிராண்ட், எது இருக்கிறதோ அதைக் காட்டுங்கள். கடன்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது யாருடையது என்று கோர்ட்டு தீர்மானிக்கும். தள்ளுமுள்ளு மட்டும் கூடாது. கடமையைச் செய்ய வந்த அரசாங்க ஊழியரைத் தடுத்தால் அது தனிக் குற்றம்.

தோட்டம் விற்கப்பட்டு டவுனில் வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் ஜப்தி கேட்கலாம், ஆனால் கோர்ட்டு மூலமாகத்தான், அதுவும் பன்னிரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்தாரின் அவசியமான துணிமணி, படுக்கை, அந்த நேரத்தில் உபயோகத்தில் இருக்கும் பொருள்கள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரரே வந்து பூட்டை மாற்றிச் சாமானைத் தெருவில் எறிவது எந்தச் சட்டத்திலும் இல்லாத வேலை.

இனி கம்பெனி ஆட்களுக்கு வருவோம். தொல்லை இவர்களால்தான் அதிகம். கடன் வசூல் ஆளுக்குக் கடிதம் கொடுக்கலாம், போன் செய்யலாம், மரியாதையாகக் கேட்கலாம். வீட்டுக்குள் நுழையவோ, சாமானை எடுக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், புருஷனை இழந்த அம்மா ஒருத்தி செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிழைக்கிறவர். மோட்டார் சைக்கிள் தவணை 36-இல் 30 கட்டியாகிவிட்டது. புருஷன் இறந்த துக்கத்தில் இரண்டு மாதம் தவறிவிட்டது. இரண்டு பேர் வந்து "பெய்லிப்" என்று சொல்லி வண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லை. அந்த அம்மா சங்கத்துக்கு வந்து சொன்னபோது மூன்று மாதம் ஆகிவிட்டது, வண்டி கை மாறிவிட்டது.

வாடகைக் கொள்முதல் சட்டம் 1967 என்ன சொல்கிறது? தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் நடவடிக்கை. வாங்கியவர் இறந்துவிட்டால் நான்கு தவணை. 21 நாள் நோட்டீசு எழுத்தில் தர வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வண்டியைத் தொடவே கூடாது. எடுக்க வருகிறவரிடம் அதற்கென்று அனுமதி அட்டை இருக்க வேண்டும். அந்த அம்மா விஷயத்தில் இதில் ஒன்றாவது நடந்ததா? அன்றைக்கே போலீஸ் புகார் செய்து பயனீட்டாளர் விவகார இலாகாவுக்கு எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆலோங் விஷயம் இன்னும் மோசம். லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்காரரே அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது, வட்டிக்கு வட்டி போட முடியாது. லைசென்ஸ் இல்லாதவன் கொடுத்த கடனுக்குக் கோர்ட்டில் வழக்கே நிற்காது. அதனால்தான் அவன் பெய்லிப்பை அனுப்பாமல் சாயத்தையும் பூட்டையும் கொண்டு வருகிறான். மிரட்டினால் போலீசுக்குப் போங்கள். பேங்க் கார்டையும் ரகசிய எண்ணையும் அவன் கையில் கொடுத்துவிட்டு மாதா மாதம் சம்பள நாளில் பிச்சை கேட்பது போல் நிற்பதை இனியாவது விட வேண்டும்.

ஜாமீன் கையெழுத்து போட்டவர்களும் கேட்கிறார்கள். 2017-இல் திவால் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லாபம் எதிர்பார்க்காமல் உறவுக்காரருக்கோ நண்பருக்கோ படிப்புக் கடன், சொந்த உபயோக வண்டிக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் இவற்றுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. மற்றவர்களுக்கும் கடன் ஒரு லட்சம் வெள்ளியை எட்டினால்தான் திவால் வழக்கு. ஆனால் திவால் வேறு, ஜப்தி வேறு. ஜாமீன்தாரர் வீட்டுக்குப் பெய்லிப் வரலாம், வருகிறார். சேமநிதியில் இருக்கும் பணத்தை மட்டும் எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது.

இவ்வளவும் நாம் கடனாளியாக இருக்கும்போது. நமக்குக் கடன்பட்டவர் மேல் இதே பெய்லிப்பை நாமும் அனுப்பலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பளம் கொடுக்காத காண்டிராக்டரும் கடனாளிதான். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்தால் அங்கேயே விசாரித்து உத்தரவு போடுவார்கள். முதலாளி கட்டாவிட்டால் அந்த உத்தரவு கோர்ட்டில் பதிவாகி, கோர்ட்டுத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். அவருடைய லோரியிலும் பெய்லிப் சீல் வைக்கலாம். தோட்டத்தையே பேங்க் ஏலம் விட்டாலும், அங்கே வேலை செய்தவர்களின் சம்பள பாக்கியில் நான்கு மாதம் வரை பேங்குக்கு முன்னால் நமக்குத்தான் என்று வேலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. காண்டிராக்டர் ஓடிவிட்டால் வேலை கொடுத்த தோட்டத்தையே மூன்று மாதச் சம்பளம் வரை கேட்கலாம். அதற்கு, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் பதிவாக வேண்டும். லாயர் தேவையில்லை. அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, சீட்டு இல்லாவிட்டால் வேலை செய்த நாள்களைக் குறித்து வைத்த கொப்பி, இவற்றோடு போனால் போதும்.